பஃபலோவில் ஒரு பழைய சர்ச்சும் ஆனி டிஃப்ராங்கோவின் கணக்கு வழக்கும்

வெள்ளி இரவு

நயாகராவுக்கு இனிமேல் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போவதில்லை என்று போன வருடமே முடிவு செய்துவிட்டேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் அதே அருவி, அதே மழைக்கோட்டு, அதே போட்டோ. அதனால் அக்கா மகள் போன் செய்து, "சித்தி, இந்த லாங் வீக்கெண்டுக்கு அருவி வேண்டாம், அதைத் தாண்டி பஃபலோ போகலாமா?" என்று கேட்டபோது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பஃபலோவில் என்ன இருக்கிறது? பனியும் சிக்கன் விங்ஸும்தானே என்றேன். "பாடகி ஆனி டிஃப்ராங்கோ ஊர் சித்தி" என்றாள்.

அவள் டொராண்டோவில் படிக்க வந்தவள், படிப்பைத் தவிர மற்ற நேரமெல்லாம் கிட்டார். தமிழில் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, அறைக்குள் போர்வையைத் தொங்கவிட்டுப் பதிவு செய்து இணையத்தில் போடுகிறாள். நம்மிடம் பாட்டு என்றால் சினிமாப் பாட்டு, மற்றதற்கெல்லாம் "ஓ, நீயே எழுதினதா?" என்ற இரக்கம் கலந்த பாராட்டு. அப்படியிருக்க, இப்போது ஒரு இசைக் கம்பெனி அவளுக்கு ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. பெயர் வேண்டாம். பதினொரு பக்கம், போனில் வைத்துக்கொண்டு அலைகிறாள். கையெழுத்துப் போடலாமா கூடாதா என்று என்னைக் கேட்கிறாள், நான் வங்கியில் வேலை பார்ப்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை.

கனடாவில் நான் இருக்கும் மிசிசாகாவில் கிளம்பி, க்யூ.இ.டபிள்யூ. நெடுஞ்சாலையில் செயின்ட் கேதரின்ஸ் தாண்டி, ஃபோர்ட் எரியில் பீஸ் பிரிட்ஜ் ஏறினால் அக்கரை அமெரிக்கா. கிட்டாரை வீட்டிலேயே வைத்துவிட்டு வா என்று நான்தான் சொல்லியிருந்தேன். வெளிநாட்டுப் பாட்டுக்காரர்கள் அங்கே சம்பளத்துக்குப் பாட வேண்டுமானால் அதற்கென்று தனி விசா இருக்கிறது, சுற்றுலா விசாவோடு கிட்டாரும் பின் சீட்டில் இருந்தால் தேவையில்லாத கேள்வி வரும். அதிகாரி எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டார். ஒரு பழைய சர்ச் கட்டடத்தைப் பார்க்க என்றேன். அது உண்மைதான். பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சரி, ஆனி டிஃப்ராங்கோ யார் என்று தெரியாதவர்களுக்கு: 1970ல் பஃபலோவில் பிறந்தவர். ஒன்பது வயதில் மைக்கேல் மெல்ட்ரம் என்ற உள்ளூர்ப் பாடகரிடம் கிட்டார் பிடித்து, அவரோடு சேர்ந்து பார்களில் பாட ஆரம்பித்தவர். பதினைந்து வயதில் சட்டப்படி பெற்றோரின் பொறுப்பிலிருந்து விலகித் தனியாக வாழ்ந்தார். இருபது வயதுக்குள் தன் பாட்டுகளைத் தானே வெளியிட ஒரு கம்பெனி தொடங்கினார், இன்று அதன் பெயர் ரைட்டியஸ் பேப் ரெக்கார்ட்ஸ். முதல் ஆல்பம் 1990ல் வந்தது. அப்புறம் பெரிய கம்பெனிகள் வரிசையாகக் கூப்பிட்டன, இவர் வரமாட்டேன் என்றார். இருபதுக்கு மேற்பட்ட ஆல்பங்கள், எல்லாம் சொந்தக் கம்பெனியில்.

எல்லோரும் சொல்லும் கதை அந்த "வரமாட்டேன்" வரை வந்து நின்றுவிடும். வரமாட்டேன் என்று சொன்ன மறுநாள் காலையில் என்ன செய்தார், யார் கேசட் கட்டினார்கள், யார் தபாலில் போட்டார்கள், காசு எங்கே வந்தது என்று ஒருவரும் எழுதமாட்டார்கள். எனக்கு அதுதான் வேண்டும்.

ஹோட்டலில் ஹீட்டர் ரயில் மாதிரிச் சத்தம் போடுகிறது. மீதி நாளைக்கு.

சனி

காலையில் ஊரைச் சுற்றினோம். பஃபலோவைப் பார்க்காமல் ஆனியின் கணக்கு புரியாது என்று இன்றைக்குத் தோன்றியது, அதனால் கொஞ்சம் ஊர்க்கதை.

1825ல் எரி கால்வாய் திறந்ததும் பணக்கார ஊரானது இது. மேற்கிலிருந்து வரும் கோதுமையெல்லாம் இங்கே இறங்கி, ஏறி, போகும். ஆற்றங்கரையில் அந்தப் பிரம்மாண்டமான தானியக் கிடங்குகள் இன்னும் நிற்கின்றன, பல காலி. பக்கத்து லாக்கவானாவில் பெரிய இரும்பாலை இருந்தது, எண்பதுகளின் தொடக்கத்தில் அதன் பெரும்பகுதியை மூடினார்கள். 1950ல் ஊரின் மக்கள்தொகை 5,80,000. 2020 கணக்கெடுப்பில் 2,78,000. பாதிக்கும் கீழே. டெலவேர் அவென்யூவில் நடந்தால் மாளிகைகளாக வருகின்றன, 1901ல் தியடோர் ரூஸ்வெல்ட் அதிபராகப் பதவியேற்ற வீடுகூட அங்கேதான் இருக்கிறது. அடுத்த தெருவில் திரும்பினால் பலகை அடித்த ஜன்னல்.

இப்படிச் சரிந்த ஊரில் வாடகை குறைவு. நியூயார்க்கில் ஒரு அறைக்குக் கொடுப்பதை வைத்து இங்கே ஒரு அலுவலகமே நடத்தலாம். ஆனி பதினெட்டு, பத்தொன்பது வயதில் நியூயார்க் போனார், நியூ ஸ்கூல் என்ற பல்கலைக்கழகத்தில் கவிஞர் சேகு சுந்தியாட்டாவிடம் படித்தார் (பிற்பாடு அந்த ஆசிரியரின் ஆல்பத்தையே மாணவியின் கம்பெனி வெளியிட்டது), ஆனால் கம்பெனி அலுவலகம் பஃபலோவிலேயே இருந்தது. ஆளை இங்கே எடுத்தார்கள், வேலையை இங்கே கொடுத்தார்கள். 2003ல் வந்த ஆல்பத்தின் அட்டைக்கு மறு வருடம் கிராமி விருது கிடைத்தது, ஆனியோடு சேர்ந்து வாங்கிய பிரையன் கிரனர்ட்டும் பஃபலோ வடிவமைப்பாளர்தான். பாட்டுக்கு இல்லை, அட்டைக்கு! ஒன்பது தடவை பரிந்துரையில் பெயர் வந்து கடைசியில் அட்டைக்குக் கொடுத்தார்கள் என்று நான் அடித்துவிட, அக்கா மகள் போனைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். எண்ணிக்கையை விடு, அட்டைக்குக் கொடுத்தது நிஜம் என்றேன்.

மத்தியானம் ஆலன்டவுன். ஆலன் தெருவில் நீச்சேஸ் என்று ஒரு பார், ஆமாம், அந்த ஜெர்மன் தத்துவஞானியின் பெயர்தான். ஆனி வளர்ந்த மேடைகளில் ஒன்று. உள்ளே நீளமாக, இருட்டாக, சுவர் முழுக்கப் பழைய போஸ்டர். இவள் மேடையைப் போய் ஒட்டி நின்று பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா சித்தி?" என்றாள். இவ்வளவுதான். முதல் வரிசைக்காரன் கை நீட்டினால் மைக்கைத் தொடலாம். குடிக்க வந்தவன் பேச்சை நிறுத்திவிட்டுப் பாட்டைக் கேட்க வேண்டுமென்றால் கிட்டாரைச் சும்மா வருடினால் ஆகாது. ஆனியின் வாசிப்பு அப்படி ஏன் சுத்தியல் அடி மாதிரி இருக்கிறது என்று இங்கே நின்றால் புரிகிறது. கம்பியை இழுத்து, அறைந்து, பலகையைத் தட்டி, ஒற்றை ஆளாக டிரம்மையும் சேர்த்து வாசிப்பார்.

அந்த அடிக்கு நகம் தாங்காது. அதனால் அவர் ஒட்டு நகம் வைத்து அதன்மேல் மின்சாரக்காரர்கள் சுற்றும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிக்கொள்வார், ஒவ்வொரு கச்சேரிக்கும். இதைக் கேட்டதும் இவளுக்குப் பொறுக்கவில்லை. வழியில் ஒரு ஹார்டுவேர் கடையில் டேப் ரோல் ஒன்று, பக்கத்து மருந்துக்கடையில் ஒட்டு நகப் பெட்டி ஒன்று. ஹோட்டல் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வலது கை விரல்களில் நகத்தை ஒட்டி, டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்து, நுனி மட்டும் வெளியே தெரிய இரண்டு சுற்று இறுக்கமாகச் சுற்றினாள். கட்டைவிரலுக்குச் சுற்றும்போது ஒரு கை போதவில்லை, நான் பிடித்துக்கொண்டேன். முதல் தடவை மூட்டு மேலேயே சுற்றிவிட்டதால் விரல் மடங்கவில்லை, பிரித்துக் கீழே தள்ளிச் சுற்றினோம். கிட்டார் இல்லையே, அதனால் மேஜை விளிம்பில் தட்டிப் பார்த்தாள். டக் டக்கென்று கேட்டது. போன் திரையைத் திறக்கத்தான் முடியவில்லை, அரை மணி நேரம் அவளுக்கு வந்த செய்திகளையெல்லாம் நான் வாசித்துக் காட்ட வேண்டியதாயிற்று.

ராத்திரி விங்ஸ். 1964ல் ஆங்கர் பாரில் கண்டுபிடித்ததாகச் சொல்கிறார்கள். நாங்கள் அங்கே போகவில்லை, வரிசை தெருமுனை வரை நின்றது. வேறு கடை, காரம் நம் நாக்குக்குக் காரமே இல்லை, புளிப்பு நன்றாக இருந்தது.

ஞாயிறு

சர்ச்.

டெலவேர் அவென்யூவும் டப்பர் தெருவும் சேரும் மூலையில் இருக்கிறது. 1870களில் கட்டிய மெதடிஸ்ட் தேவாலயம், மெடினா மணற்கல், மழையில் நனைந்தால் கருஞ்சிவப்பாகிவிடும் கல். சபை சுருங்கி, கட்டடம் பாழடைந்து, கோபுரத்திலிருந்து கல் விழ ஆரம்பித்து, தொண்ணூறுகளில் இடிக்கலாம் என்ற நிலைக்கு வந்துவிட்டது. ஆனியும் அவருடைய மேனேஜர் ஸ்காட் ஃபிஷரும் தலையிட்டுக் கட்டடத்தை எடுத்துக்கொண்டார்கள். பழுது பார்த்து 2006ல் திறந்தபோது உள்ளே ஒரு பெரிய கச்சேரி அரங்கம், நிலத்தடியில் சின்ன அரங்கம், ஹால்வால்ஸ் என்ற கலை மையம், கம்பெனியின் அலுவலகம். பெயர் பேப்வில். பூமிக்கடியிலிருந்து வெப்பத்தை எடுத்துக் கட்டடத்தைச் சூடாக்கும் ஏற்பாடுகூடச் செய்திருக்கிறார்கள். 2007 செப்டம்பரில் ஆனியே இங்கே பாடி, அதைப் படமெடுத்து டிவிடியாக விட்டார்கள்.

ஒரு பாடகி சம்பாதித்த காசில் என்ன வாங்குவார்? வீடு, கார், இன்னும் கொஞ்சம் கிட்டார். இவர் இடிந்துபோகிற சர்ச் கட்டடத்தை வாங்கி ஊருக்கு அரங்கமாக்கியிருக்கிறார். நான் வங்கிக்காரியாக யோசித்தால் இது பைத்தியக்கார முதலீடு. கல் கட்டடம், பராமரிப்புச் செலவு நிற்கவே நிற்காது. ஆனாலும் யோசித்துப் பார்த்தால், மேடை வேண்டும் என்று இன்னொருவன் வாசலில் போய் நிற்காமல் இருப்பதும் சுதந்திரத்தில் சேர்த்திதானே.

கணக்குக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் அமெரிக்க வணிகப் பத்திரிகைகள் திடீரென்று ஆனியைக் கண்டுபிடித்தன. காரணம் பாட்டு இல்லை: ஒரு ஆல்பம் விற்றால் இவர் கைக்கு 4.25 டாலர் வருகிறது, கோடிக்கணக்கில் விற்கும் ஹூட்டி அண்ட் த ப்ளோஃபிஷ் குழுவுக்குக்கூட ஒரு ஆல்பத்துக்கு இவ்வளவு வருவதில்லை என்பதுதான். 1997ல் மிஸ் என்ற பெண்ணியப் பத்திரிகையும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாராட்டியபோது ஆனிக்குக் கோபம் வந்துவிட்டது. நான் பாட்டுக்காரி, வியாபாரி இல்லை, நீங்களுமா டாலரை எண்ணி என்னை அளக்கிறீர்கள் என்ற பொருளில் நீளமாக ஒரு கடிதம் எழுதினார். கோபம் நியாயம்தான். ஆனால் மன்னிக்க வேண்டும், எனக்கு அந்த 4.25 மேல்தான் கண்.

அந்தக் காலத்துப் பெரிய கம்பெனி வழக்கம் இப்படி: முதலில் அட்வான்ஸ் கொடுப்பார்கள். பதிவுச் செலவு, வீடியோச் செலவில் பாதி, சில சமயம் சுற்றுப்பயணச் செலவு, எல்லாம் பாட்டுக்காரன் பெயரில் கடனாக ஏறும். அவனுடைய பங்கிலிருந்து அது அடைந்து முடிந்த பிறகுதான் ராயல்டி அவன் கண்ணில் படும். பதிவு செய்த மாஸ்டர் டேப், அதாவது பாட்டின் மூலப் பதிவு, கம்பெனிக்குச் சொந்தம், அவன் காசிலேயே எடுத்திருந்தாலும். வீட்டுக் கடனைக் கட்டி முடித்த பிறகும் பத்திரத்தைத் திருப்பிக் கொடுக்காத வங்கி என்று இவளுக்கு விளக்கினேன், உடனே பிடித்துக்கொண்டாள். இதே பஃபலோவில் பிறந்த கூ கூ டால்ஸ் குழு, 1995ல் வந்த ஆல்பம் பல லட்சம் விற்றும் ராயல்டி வரவில்லை என்று தங்கள் கம்பெனி மேலேயே வழக்குப் போட்டது. அதே ஊர், அதே வருடங்கள்.

ஆனியின் வழி வேறு. காரில் ஏறி, கல்லூரி கல்லூரியாக, காபிக்கடை காபிக்கடையாகப் போய்ப் பாடி, கச்சேரி முடிந்ததும் கேசட்டை அங்கேயே விற்றார். வாங்கினவர்கள் நகலெடுத்துத் தோழிகளுக்குக் கொடுத்தார்கள், அடுத்த தடவை அந்த ஊருக்குப் போகும்போது கூட்டம் இரட்டிப்பு. கேசட் வேண்டுமென்றால் கூப்பிட ஒரு இலவசத் தொலைபேசி எண் இருந்தது, அதன் எழுத்துகளைச் சேர்த்து வாசித்தால் "தன் சொந்தக் காலில்" என்ற மாதிரி ஒரு ஆங்கில வாக்கியம் வரும். 2024ல் வந்த ஆவணப்படத்துக்கு அந்த எண்ணையே தலைப்பாக வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணில் மணி அடித்தால் யாரோ ஒருவர் எடுத்து, முகவரியை எழுதி, பெட்டியில் போட்டு ஒட்டி அனுப்ப வேண்டும். அதைச் செய்யச் சம்பளத்துக்கு ஆள் இருந்தார்கள். ஒற்றைப் பெண், ஒற்றைக் கிட்டார் என்று போஸ்டரில் போடலாம். அலுவலகத்தில் ஒற்றை ஆள் இல்லை.

1998ல் வந்த ஆல்பம் பில்போர்ட் என்ற அமெரிக்க ஆல்பம் தரவரிசைப் பட்டியலில் 22ஆம் இடத்தில் நுழைந்தது. பெரிய கம்பெனியின் விளம்பரம் ஒரு பைசா இல்லாமல். அடுத்த வருடம் பிரபல பாடகர் பிரின்ஸ் இவர் ஆல்பத்தில் வந்து பாடினார், இவர் பிரின்ஸ் ஆல்பத்தில் போய் கிட்டார் வாசித்தார். கம்பெனியோடு சண்டை போட்டுக் கன்னத்தில் "அடிமை" என்று எழுதிக்கொண்டு திரிந்த மனிதர் பிரின்ஸ், அவருக்கு இவரைப் பிடித்ததில் ஆச்சரியம் என்ன?

சாயங்காலம் கீழ்த்தள அரங்கில் வேறொரு பாடகியின் கச்சேரிக்கு டிக்கெட் கிடைத்தது. பெரிய பெயர் இல்லை, கூட்டமும் நூறு பேருக்குள். பாட்டு எனக்கு நடுத்தரம். ஆனால் முடிந்ததும் அவரே வியர்வையைத் துடைத்துக்கொண்டு மூலை மேஜைக்கு வந்துவிட்டார். மேஜை மேல் நாலு வரிசை: எல்.பி. தட்டு, சிடி, டி-ஷர்ட் (மீடியம் தீர்ந்துவிட்டது), துணிப்பை. தகரப் பெட்டியில் சில்லறை. ஒரு பெண் கார்டு தேய்க்கும் கருவியைப் பிடித்துக்கொண்டிருந்தார், சிக்னல் கிடைக்காமல் ஒவ்வொரு தடவையும் படிக்கட்டு வரை ஓடினார். பாடகி ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டு, எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார், அப்புறம் ஒரு நோட்டை நீட்டி மின்னஞ்சல் எழுதச் சொன்னார். இவள் தட்டு வாங்கினாள். "உன்கிட்ட பிளேயரே இல்லையேடி" என்றேன். "தெரியும் சித்தி" என்றாள்.

வரும் வழியில் கணக்குப் போட்டோம். இப்போது ஒரு பாட்டை யாராவது ஸ்ட்ரீமிங்கில் ஒரு தடவை கேட்டால் வருவது அரை சென்ட்டுக்கும் கீழே. தாராளமாக அரை சென்ட் என்றே வைத்தாலும், ஆனிக்கு ஒரு ஆல்பத்தில் வந்த காசு வர 850 தடவை கேட்க வேண்டும். ஆனி வழியே போகிறேன் என்று இன்றைக்கு யாராவது கிளம்பினால், அந்த வழியில் இருந்த பெட்ரோல் பங்க்குகள் பாதி மூடிக் கிடக்கின்றன. மூலை மேஜை மட்டும் இன்னும் திறந்திருக்கிறது.

திங்கள்

காலைச் சாப்பாட்டில் இவள் வேறு பேச்சை எடுத்தாள்: "எல்லாம் நல்லதாவே சொல்றீங்களே சித்தி, கெட்டதே இல்லையா?"

இருக்கிறது. வருடத்தில் பெரும்பகுதி ரோட்டிலேயே வாழ்ந்து, அந்த அடி அடித்து வாசித்ததில் 2005ல் கைத் தசைநார் வீங்கி ஒன்பது மாதம் சுற்றுப்பயணத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. வேறு வேலையில் கை வலித்தால் லீவு. இங்கே பாடகி நின்றால் சம்பளம் வாங்குகிற அத்தனை பேருக்கும் சேர்த்து வண்டி நின்றுவிடும். அப்புறம் 2013ல், லூசியானாவில் அடிமைகளை வைத்து நடந்த ஒரு பழைய தோட்ட மாளிகையில் பாட்டு எழுதும் முகாம் நடத்தப் போவதாக அறிவித்து, கறுப்பினப் பெண்கள் உட்பட அவர் ரசிகர்களே கொதித்துப்போய், ரத்து செய்தார். முதலில் எழுதிய விளக்கம் சப்பைக்கட்டாக இருந்தது, அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டு பிறகு நேராக மன்னிப்புக் கேட்டார். எதிர்த்துச் சொல்ல மேலதிகாரி இல்லாத கம்பெனியில் இப்படியும் நடக்கும். என் கருத்து அவ்வளவுதான், இதில் ஆனியைத் தூக்கிப் பிடிக்க எனக்கு ஆசையில்லை.

ஆனால் அவர் பெயரோடு எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அவர் பாட்டே இல்லை. அனாயிஸ் மிட்செல் என்ற இளம் பாடகி கிரேக்கப் புராணத்தை வைத்து எழுதிய ஹேடிஸ்டவுன் என்ற பாட்டுத் தொகுப்பை 2010ல் ரைட்டியஸ் பேப் வெளியிட்டது, ஆனியும் அதில் ஒரு பாத்திரத்துக்குப் பாடினார். ஒன்பது வருடம் கழித்து அது நியூயார்க்கின் பிராட்வேயில் நாடகமாகி, அங்கே நாடகங்களுக்குக் கொடுக்கும் டோனி விருதுகளில் எட்டை வாங்கியது. 2024ல் ஆனியே பிராட்வே மேடையேறி அதே பாத்திரத்தில் நடித்தார். அவ்வளவு காலம் பொறுத்து விளையும் ஒன்றை வருடக் கடைசியில் லாபக் கணக்குக் கேட்கும் கம்பெனி தொட்டிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

பீஸ் பிரிட்ஜில் வண்டிகள் வரிசையாக நின்றன. ஒரு மணி நேரம் நகரவில்லை, அதனால் ஒப்பந்தத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். விரலில் டேப்பின் பசை இன்னும் போகவில்லை, திரையில் ஒட்டி ஒட்டி உருட்டினாள். நான்காம் பக்கத்தில் இருந்தது: இதுவரை பதிவு செய்தவை, இனி பதிவு செய்பவை எல்லாவற்றின் மாஸ்டர் உரிமையும் நிரந்தரமாகக் கம்பெனிக்கு. ஏழாம் பக்கத்தில், விளம்பரச் செலவு "நியாயமான அளவில்" அவள் பங்கிலிருந்து கழியும். நியாயம் எது என்று முடிவு செய்வதும் அவர்கள்தான்.

"கையெழுத்து வேண்டாம்னு சொல்றீங்களா?"

அப்படிச் சொல்லவில்லை. எல்லோராலும் ஒரு சரிந்த ஊரைக் கண்டுபிடித்து அலுவலகம் போட முடியாது, அவளுக்கு ஒரு ஸ்காட் ஃபிஷரும் இன்னும் கிடைக்கவில்லை, இருக்கும் ஒரே ஊழியர் சித்தி. அதனால் கேள்வி கேள் என்றேன். உரிமையை நிரந்தரமாக இல்லாமல் ஐந்து வருடத்துக்குக் கொடுத்தால் ஒத்துக்கொள்வார்களா, ஏற்கெனவே தானே போட்ட பாட்டுகளை விட்டுவிடுவார்களா, விளம்பரச் செலவுக்கு மேல் வரம்பு எவ்வளவு, கச்சேரி மேஜையில் விற்பது முழுக்க அவளுக்கா. சுங்கச் சாவடி வருவதற்குள் மின்னஞ்சல் எழுதி முடித்துவிட்டாள், "தங்கள் அன்புள்ள" என்று போட்டதை மட்டும் எடுக்கச் சொன்னேன்.

இந்தப் பக்கத்து அதிகாரி என்ன வாங்கினீர்கள் என்று கேட்டார். ஒரு எல்.பி. தட்டு, ஒரு டேப் ரோல், ஒட்டு நகம். மொத்தம் நாற்பத்து சொச்சம் டாலர். வரி இல்லை.

கம்பெனியிலிருந்து பதில் வந்தால் கீழே சேர்க்கிறேன்.